தங்கம் தேடிப் போனவளின் மிச்சக் கதை

என் தங்கக்கட்டிக்கு,

தங்கம் அள்ளப் போன தகப்பனைத் தேடிக் கப்பலேறிய சிறுமியின் டெனிஷ் கதையை, என்னோடு மீன் பக்டரியில் வேலை செய்யும் நம் ஊர் மரினா வாசித்துச் சொல்ல, உனக்குக் கடிதத்தில் துண்டுதுண்டாக எழுதினேன். "தேப்பனைக் கண்டவளோ, அம்மா?" என்று கேட்டாய். "மிச்சத்தை இங்கே ஒடென்சேக்கு வந்து கேள்" என்றேன்.

உன் விசாவுக்காகக் குடிவரவு அலுவலகத்துக்குப் போகும்போதெல்லாம் அங்கிருக்கும் அலுவலர் "ஸ்னார்ட்" என்று சிரிப்பார். கெதியில், சீக்கிரம் என்று அர்த்தமாம். நானும் உனக்குக் கெதியில், கெதியில் என்றே எழுதினேன்.

ஊரில் நீ இருந்த சித்தி வீட்டில் ஷெல் விழுந்து நீ செத்து இன்றைக்கு முப்பத்தொரு நாள். காலையில் மரினா பேப்பரோடு வந்தாள்.

"அக்கா, எங்கட பிள்ளையளின்ர விசா பைல்களை வேணுமெண்டே தொடாமல் வைச்சவங்களாம்."

அவர்களுடைய பொய்யை என் கையால்தான் உனக்கு எழுதியிருக்கிறேன். கடைசி வரைக்கும் என்னை நம்பினாயா, பிள்ளை?

உன் அம்மா