சேர்ந்து வாழும் மனைவி

பிரிக்ஃபீல்ட்ஸ்,
3 மார்ச் 2024

அன்புள்ள யுகேந்திரனுக்கு,

போன நவம்பரில் பதிவுத் திருமணம் முடிந்தும், போனில் உங்கள் குரல் கேட்டால் சொல்ல நினைத்தது மறந்துபோகிறது. அதனால்தான் எழுதுகிறேன். இங்கே வரிச் சட்ட முதுகலை வகுப்பில் எல்லோரும் வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்கள். கேள்வி வந்தால் நான் மேசையைப் பார்க்கிறேன். நேற்று மட்டும் துணிந்து ஒரு பதில் சொன்னேன். விரிவுரையாளர் தலையாட்டினார். இதை முதலில் உங்களுக்குத்தான் சொல்கிறேன். செப்டம்பரில் கோயிலில் தாலி கட்டியதும் பந்திங்கில் உங்கள் வீட்டுக்கு வந்துவிடுவேன். அத்தையைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள்
லோகேஸ்வரி

பந்திங்,
10 மார்ச்

என் லோகா,

ஆலையில் ஒரே கேலி. "ரிஜிஸ்டர் பண்ணிட்டு லெட்டர் போடுற ஜோடிய இப்பதான் பாக்குறேன் லா, பாஸ்!" என்கிறான் விமலன்.

நேற்று வருமான வரிப் பாரம் நிரப்பினேன். எப்போதும் காலியாக விடும் மனைவி இடத்தில் உன் பெயரை டைப் அடித்து, அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "கவர்மெண்டுக்கே சொல்லிட்டியாடா!" என்று சிரித்தார். இன்னும் அனுப்பவில்லை. வக்கீலம்மா, அனுப்பட்டுமா?

யுகேன்

பிரிக்ஃபீல்ட்ஸ்,
14 மார்ச்

அன்புள்ள யுகேந்திரனுக்கு,

ஒரு திருத்தம். மனைவி பெயரில் கிடைக்கும் அந்த வரிக் கழிவு சேர்ந்து வாழும் மனைவிக்குத்தான். நாம் ஒரு வீட்டில் ஒருநாள்கூட இருந்ததில்லை. தாலி கட்டும்வரை அப்படித்தானே வழக்கம். ஆகவே என் பெயரை எடுத்துவிடுங்கள். சட்டப் பிரிவுகளைத் தனித் தாளில் விளக்கியிருக்கிறேன்.

லோகேஸ்வரி

பந்திங்,
20 மார்ச்

லோகேஸ்வரிக்கு,

எடுத்துவிட்டு அனுப்பிவிட்டேன். அம்மா ஏன் என்று கேட்டார். "அவ நம்ம வீட்டு ஆளு இல்லையாம், அம்மா" என்றேன். நன்றாகப் படி.

யுகேந்திரன்

பிரிக்ஃபீல்ட்ஸ்,
5 மே

அன்புள்ள யுகேனுக்கு,

ஏன் எழுதுவதில்லை? போனையும் எடுப்பதில்லை. நம் கதையைப் பெயர் சொல்லாமல் வகுப்பில் கேட்டேன். "அவங்க பிரிஞ்சிட்டாங்களா என்ன? கோயில் தேதிக்குத்தானே காத்திருக்காங்க" என்றார் பக்கத்திலிருந்த பெர்னிஸ். விரிவுரையாளரும் அப்படியும் வாதாடலாம் என்றார். எனக்கு அது தோன்றவே இல்லை. நீங்கள் சந்தோஷமாகக் கேட்டதற்கு நான் பரீட்சை விடைபோல் எழுதியிருக்கிறேன். பாரத்தைத் திருத்த வழி உண்டு. என் பெயரைப் போடுங்கள்.

லோகா

பந்திங்,
19 மே

லோகேஸ்வரிக்கு,

திருத்த வேண்டாம். கழிவுக்காக நான் உன் பெயரை எழுதவில்லை. அலமாரி வாங்கி ஒரு பக்கத்தை உனக்கென்று விட்டிருந்தேன். காய்கறி வாங்கினால்கூட நீ சாப்பிடுவாயா என்று யோசிப்பேன். நவம்பரிலிருந்து நான் உன்னோடுதான் வாழ்ந்தேன். நீ அப்படி இல்லை என்று அந்தத் தாளைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். செப்டம்பர் கல்யாணத்துக்குப் பிடித்த மண்டபம் வேண்டாமென்று சொல்லிவிட்டோம். பதிவை முறிக்க என்ன செய்ய வேண்டும்? உனக்குத் தெரிந்திருக்கும். எழுது.

யுகேந்திரன்

பிரிக்ஃபீல்ட்ஸ்,
26 மே

அன்புள்ள யுகேனுக்கு,

விவாகரத்துக் கேட்கப் பதிவு நாளிலிருந்து இரண்டு வருடம் பொறுக்க வேண்டும். பதிந்தும் சேர்ந்து வாழாத நம்மைப் போன்றவர்களுக்கு அதைவிடச் சீக்கிரமான வழி ஒன்றும் இருக்கிறது. பிரிவு எண்கூடத் தெரியும்.

அதை நான் எழுத மாட்டேன். வேறு வக்கீலைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் மனைவி
லோகேஸ்வரி