பழைய ஏழு, புதிய ஏழு

மார்ச் 3, ஞாயிறு

சம்பந்தியம்மாள் புது கோல்ஃப் அயர்ன் மட்டை செட் வாங்கி ஒரு மாதம் ஆகிறது. அன்றிலிருந்து அவர் வாயில் வேறு பேச்சே இல்லை. என் மகனுக்குப் பெண் கொடுத்தவர், வங்கியில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் அளந்துதான் பேசுவார். அப்படிப்பட்டவர் மூன்றாவது குழிக்குப் போகும் வழியில் இன்று மறுபடி ஆரம்பித்தார். "நீங்களும் மாத்திடுங்க சம்பந்தி. இதையே ஏன் கட்டிக்கிட்டு அழறீங்க?"

என்னுடையவை இருபது வருடப் பழசு. முகம் சின்னது, அடிப்பாகம் மெலிசு, தண்டு இரும்பு. நடுவில் பட்டால் பந்து போனதே கைக்குத் தெரியாது. அந்தச் சுகத்துக்காகத்தான் இத்தனை வருடமாக ஞாயிறு தோறும் ஓடுகிறேன். ஓரத்தில் பட்டால் தெரியும். முழங்கை வரை தெரியும்.

அதைப் பற்றி இன்று எழுதப் போவதில்லை.

மார்ச் 6, புதன்

சரி, எழுதித் தொலைக்கிறேன். வலது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப் போகின்றன. ஞாயிறு ஆடினால் செவ்வாய், புதன் வரை. நான் பல் மருத்துவர். இந்தக் கையை நம்பித்தான் ஊரில் உள்ளவர்கள் வாயைத் திறக்கிறார்கள்.

வீட்டில் என் கணவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அன்றைக்கே பையைக் கட்டிப் பரணில் போட்டுவிடுவார். மருமகளுக்கு நிச்சயம் தெரியக் கூடாது. அவளும் பல் மருத்துவர். என் கிளினிக்கிலேயே பக்கத்து நாற்காலி. இந்த வாரம் எனக்கு வந்த கடைவாய்ப்பல் கேஸ் இரண்டும் அவளிடம் போயிருக்கின்றன. வரவேற்பு மேசைப் பெண்ணைக் கேட்டால், சின்ன டாக்டர்தான் மாற்றச் சொன்னார் என்கிறாள்.

புல்வெளியில் அம்மா, கிளினிக்கில் மகள். ரெண்டு பக்கமும் சேர்ந்து என்னை ஓரங்கட்டுறாங்களா?

மார்ச் 13, புதன்

சம்பந்தி வராத நாளாகப் பார்த்து, மத்தியானம் கிளப்புக்குப் போனேன். அங்கே உள்ள கடையில் அவருடையதைப் போலவே ஒரு செட்டை அடித்துப் பார்க்கத் தருகிறார்கள். திருடப் போனவள் மாதிரி நாலு பக்கமும் பார்த்துவிட்டுப் புதிய ஏழாம் நம்பர் மட்டையைக் கேட்டு வாங்கினேன்.

முதல் பந்தே என் பழைய ஏழு போகும் இடத்தைத் தாண்டி விழுந்தது. எனக்கு முகம் சுண்டிவிட்டது. பிறகு இரண்டு ஏழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன் — புதியதன் முகம் செங்குத்தாக நிற்கிறது, கிட்டத்தட்ட என் ஆறாம் நம்பரைப் போல. எண் குறையக் குறைய முகம் நிமிரும், பந்தும் தூரம் போகும். ஆக, இரும்பில் மந்திரம் எதுவும் இல்லை. அடியில் குத்திய எண்தான் மாறியிருக்கிறது. அங்கேயே சத்தமாகச் சிரித்தேன். விழுந்த பந்தும் குழியைச் சுற்றிய கிரீனில் நிற்காமல் உருண்டுகொண்டே போகிறது. என்னுடையது விழுந்த இடத்தில் உட்காரும்.

இத்தோடு முடித்திருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். வேண்டுமென்றே ஓரத்தில் பட அடித்துப் பார்த்தேன். புதியதில் பந்து கொஞ்சம் குறைவாகப் போனது, அவ்வளவுதான். பழையதில் பாதி தூரத்து மணலில் போய் விழுந்தது. என் விரல்களும் அதோடு போயின. ஒவ்வொரு தடவையும் நடுவில் அடிக்க நான் யார்? பத்தில் நாலு பந்து ஓரத்தில்தான் படுகிறது.

வாங்கவில்லை. வாங்கினால் அவர் சொன்னது சரி என்றாகிவிடுமே.

மார்ச் 17, ஞாயிறு

இன்று போட்டு உடைத்தேன். "ஆறை எடுத்து ஏழுன்னு குத்தி வித்திருக்காங்க சம்பந்தி."

அவர் முகம் மாறும் என்று காத்திருந்தேன். மாறவில்லை. "தூரத்துக்கா வாங்கினேன்? தப்பாப் பட்டாலும் கையைக் கடிக்காது" என்றார். நான் அப்போது இடது கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றிக்கொண்டிருந்தேன். வலது விரல்களுக்குப் பிடி இல்லை. பல் டாக்டரே இப்படிக் கடிக்கலாமா என்று சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

ஏழாவது குழியில் பந்துக்கு அடியில் ஒரு வேர், மட்டை அதில் போய் மோதியது. கண்ணில் நீர் வந்துவிட்டது. தூசி என்றேன்.

மார்ச் 19, செவ்வாய்

காபி டம்ளரை இடது கையால் எடுத்தேன். இவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. நல்லது.

மார்ச் 20, புதன்

எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது.

ஒரு பஸ் ஓட்டுநர் வந்தார். கீழ்த் தாடையில் கடைசிப் பல். மருமகள் தான் பார்ப்பதாகச் சொன்னாள். எல்லார் முன்னாலும், இது என் கேஸ் என்று வெடுக்கென்று சொன்னேன். எதற்கு? எல்லாம் வீம்பு.

பாதியில் விரல்கள் இல்லாமல் போயின. பல்லை நெம்பும் கருவி வழுக்கியது. இடது கட்டைவிரலைக் குறுக்கே கொடுத்திருந்தேன், அதனால் பிழைத்தோம். கையுறை கிழிந்தது, அவர் ஈறில் கீறல். இன்னும் கொஞ்சம் போயிருந்தால் நாக்கு. ஐயோ, அந்த ஆள் என்னை நம்பிக் கண்ணை மூடிப் படுத்திருந்தாரே.

மருமகள் சத்தமே இல்லாமல் சுற்றி வந்தாள். "நான் பிடிச்சுக்கறேன் அத்தை." நான் விலகினேன். பல்லை எடுத்துத் தையலும் போட்டாள். கை வழுக்கிவிட்டது என்று அவரிடம் நானே சொல்லி மன்னிப்புக் கேட்டேன். மரத்த வாயோடு தலையை ஆட்டினார்.

கை கழுவும் இடத்தில் மருமகள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"விரல் எவ்வளவு நாளா இப்படி இருக்கு?"

"உனக்கு யார் சொன்னா?"

"அம்மா. ஜனவரியிலேயே. நீங்க கையுறையைப் பல்லால கழட்டறதப் பாத்திருக்காங்க. அதான் கஷ்டமான பல்லையெல்லாம் நான் மாத்திக்கிட்டேன்."

என்னிடம் ஏன் கேட்கவில்லை என்றேன். கேட்டால் நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்று அம்மா சொன்னாராம். வாஸ்தவம்தான். பிறகு அவள் தயங்கித் தயங்கிச் சொன்னதுதான் என்னை உலுக்கிவிட்டது.

"அம்மாவோட பழைய செட்டு நல்லாத்தான் இருக்கு அத்தை. அவங்க புதுசு வாங்கினா நீங்க சும்மா இருக்க மாட்டீங்க, உடனே வாங்கிடுவீங்கன்னு நெனச்சாங்க."

நான் வாங்கவில்லை. கோணத்தை அளந்துகொண்டிருந்தேன்.

மார்ச் 24, ஞாயிறு

வீட்டில் இருந்தேன். இவரிடம் சொன்னேன். டம்ளரைப் பார்த்த அன்றைக்கே தெரியும் என்றார். இந்த வீட்டில் இது எனக்கு மட்டும்தான் ரகசியமாக இருந்திருக்கிறது.

ஏப்ரல் 5, வெள்ளி

முழங்கையில் நரம்பு நசுங்குகிறதாம். எலும்பு மருத்துவர் பல் பிடுங்கவும் பந்து அடிக்கவும் தடை போட்டுவிட்டார். விரல் திரும்புமா என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார். நான் நோயாளிகளிடம் 'பார்க்கலாம்' என்று எப்போது சொல்வேன் என்று எனக்குத் தெரியும்.

மே 12, ஞாயிறு

காலையில் சுண்டு விரலில் ஊசி குத்துவது போல் இருந்தது. வலி இவ்வளவு இனிக்கும் என்று இதுவரை தெரியாது.

மே 26, ஞாயிறு

மருமகள் காரிலிருந்து அவள் அம்மாவின் புது செட்டை இறக்கினாள். அம்மாவுக்கு அது சரிப்படவில்லையாம், தண்டு நீளமாம். இத்தனை மாதம் என்னைக் கச்சிதமாக ஏமாற்றியவளுக்கு இந்த ஒரு பொய்யை ஒழுங்காகச் சொல்ல வரவில்லை. நான் வாங்கி உள்ளே வைத்தேன்.

ஜூன் 9, ஞாயிறு

எலும்பு மருத்துவர் தடையை எடுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை ஒரு கடைவாய்ப்பல் எடுத்தேன். மருமகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்கச் சொன்னேன். அவள் வாய்க்குள் பார்க்கும் கண்ணாடியைப் பிடித்தாள், நான் எடுத்தேன்.

இன்று அதன் பிறகு முதல்முறையாக முழு ஆட்டம். சம்பந்தி தன் பழைய பையோடு வந்தார். தூசியைக்கூடச் சரியாகத் துடைக்கவில்லை. மூன்றாவது குழியில் பழக்க தோஷத்தில் புது செட்டின் ஏழாம் நம்பரை எடுத்தேன். பந்து கிரீனைத் தாண்டிப் புதருக்குள் போய்விட்டது. அவர் தன் பழைய ஏழால் அடித்தார். விழுந்த இடத்தில் உட்கார்ந்தது.

"ஆறை எடுத்து ஏழுன்னு குத்தி வித்திருக்காங்க சம்பந்தி" என்றார், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

அவர் பக்கமாகத் திரும்பி நின்று, இடது கையுறையை வலது விரல்களாலேயே மெல்லக் கழற்றினேன். அவர் புதரில் பந்தைத் தேடுவது போல நின்று, கடைசி விரல் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.