வலது கண்ணுக்குத் தெரிந்த நீலம்

அன்பு மகள் தாசோலுக்கு, தேகூவிலிருந்து அப்பா எழுதுவது.

உடம்புக்கு ஒன்றுமில்லை, மூன்று வேளையும் சாப்பிடுகிறேன், மூட்டுவலி இருந்த இடத்தில் அப்படியே இருக்கிறது. நீயும் நியூசிலாந்தில் சுகமாக இருக்கிறாய் என்றே நினைத்துக்கொண்டு எழுதுகிறேன், அப்படி நினைக்காவிட்டால் பேனா ஓடாது. இங்கே மழை தொடங்கிவிட்டது, பட்டறைக் கூரை அதே மூலையில் ஒழுகுகிறது, நம் வேலையாள் மெங் அதே பச்சை வாளியைத்தான் கொண்டுவந்து வைக்கிறான். அங்கே இப்போது குளிர்காலமாமே, பழப்பெட்டி தூக்கும்போது இடுப்பை வளைக்காதே, முழங்காலை மடக்கித் தூக்கு. நீ போனை எடுப்பதில்லை, குறையாகச் சொல்லவில்லை, எடுத்திருந்தாலும் இந்த விஷயத்தை என்னால் வாயால் சொல்லியிருக்க முடியாது. அம்மாவின் சாவுக்கு வந்து மூன்று நாள் இழவு மண்டபத்தில் என் பக்கத்திலேயே நின்றாய், நமக்குள் நாலு வார்த்தை கூட இல்லை, எவ்வளவு பிடிவாதம் இந்தப் பெண்ணுக்கு என்று நான் உள்ளுக்குள் பொருமிக்கொண்டிருந்தேன். சுற்றி வளைத்தால் பாதியில் நிறுத்திவிடுவேன், அதனால் நேராகச் சொல்லிவிடுகிறேன். உன் பர்னரில் அன்றைக்கு எரிந்தது நீலச் சுடர்தான். நீ பொய் சொல்லவில்லை. என் கண்தான் கெட்டுப்போயிருந்தது.

போன மாதம் வலது கண்ணில் அறுவை செய்துகொண்டேன். கண்ணைக் காட்டு, கண்ணைக் காட்டு என்று அம்மா உயிரோடு இருந்த மட்டும் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன வேலை. ஒரு கேஸ் குழாயை வேறொரு குழாயில் கொண்டுபோய் முறுக்கிவிட்டேன், மெங் பயந்துபோய்க் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனான். டாக்டர் சின்னப் பெண், உன் வயதுதான் இருக்கும். என்ன வேலை பார்க்கிறீங்க தாத்தா என்று கேட்டாள், பர்னர் செய்கிறேன், நாற்பது வருஷமாக பாய்லர் துளையில் கண்ணை வைத்து நெருப்பைப் பார்க்கிறேன் என்றேன். அப்படிப்பட்டவங்களுக்குப் புரை சீக்கிரமே வரும், உங்களுக்கு அது வெள்ளையா இல்ல, நல்லாப் பழுப்பேறிப் போயிருக்கு, பத்து வருஷமா வறுத்த பார்லித் தண்ணி வழியா உலகத்தைப் பார்த்துக்கிட்டிருக்கீங்க என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது அம்மாவின் படம் கண்ணில் பட்டது. அவள் போட்டிருக்கும் மேல்சட்டை சாம்பல் நிறம், அடக்கமாக இருக்கிறது என்று நான்தான் அந்தப் படத்தை மண்டபத்துக்கு எடுத்துக் கொடுத்தேன். அது நல்ல வானநீலம் தாசோல். ஒரு கையால் வலது கண்ணை மூடிப் பார்த்தேன், சாம்பல். இடது கண்ணை மூடிப் பார்த்தேன், நீலம். அங்கேயே வாசலில் உட்கார்ந்துவிட்டேன், ஒரு செருப்பு காலில் இருக்க, ஏனென்றால் எனக்கு உடனே ஞாபகம் வந்தது அம்மாவின் சட்டை இல்லை, உன் பர்னர்.

அந்த நாளைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் துளையின் இந்தப் பக்கத்திலிருந்து அது எப்படி இருந்தது என்று ஒரு தரம் கேட்டுக்கொள். நம்முடையது எல்லாம் டோஃபு கடை மாதிரி இடங்களுக்கு நெட்டுக்குத்தாக நிற்கிற சின்ன பாய்லர், கீழே பர்னர், மேலே புகைபோக்கி, நான் செய்த பர்னரில் ஒற்றைச் சுடர் ஆளுயரத்துக்கு எழுந்து பாதிச் சூட்டோடு வானத்துக்குப் போய்விடும், அது எனக்கும் தெரியும். நெருப்பு மேலே போக அவசரப்படுதுப்பா, அதைக் கொஞ்சம் சுத்தி உட்கார வைக்கணும் என்று நீ சொன்னபோது வெளியே உம்மென்று இருந்தாலும் உள்ளுக்குள் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இதை உன்னிடம் சொன்னதே இல்லை. அகலமான வளையம், பொடிப்பொடியாக ஓட்டைகள், கேஸும் காற்றும் உள்ளேயே கலந்து சுழன்று குட்டையாக எரிந்து சுவர் முழுக்கத் தடவிக்கொண்டு போகும் நெருப்பு. ஐந்தில் ஒரு பங்கு கேஸ் மிச்சம் என்று உன் நோட்டுப் புத்தகம் சொன்னது. புகையை அளக்கிற கருவியும் அதையேதான் சொன்னது. ஆனால் நான் துளையில் கண்ணை வைத்தால் மஞ்சள். சுடருக்குப் பின்னால் பழுத்துக் கிடக்கிற செங்கல்லின் நிறத்தைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன், நீலம் என் கண்ணுக்குள் வரவே இல்லை என்று இப்போது அந்த டாக்டர் பெண் விளக்கினாள். மஞ்சள் என்றால் காற்று போதவில்லை, விஷப்புகை வரும், கடைக்காரன் செத்துப்போவான், நாற்பது வருஷமாக நான் அப்படித்தான் படித்திருக்கிறேன். அதனால் காற்றுத் தகட்டைத் திறந்தேன். இன்னும் திறந்தேன். உன் பர்னரைப் பார்க்க வந்த மூன்று கடைக்காரர்களின் கண்ணெதிரேயே சுடர் வளையத்தை விட்டு எழும்பி அணைந்துபோனது, மறுபடி பற்றவைத்தால் மறுபடியும், மூன்று தரம். அப்பா வேணும்னே அணைக்கிறீங்க என்று நீ கத்தினாய். நான் அவர்கள் பக்கம் திரும்பி, என் மக கருவியில நம்பரை மாத்தி வச்சு உங்களை ஏமாத்தப் பாக்குறா, பொய்க்காரி என்றேன். அந்த வார்த்தையைத்தான் சொன்னேன், மறக்கவில்லை.

மெங்கைத் திட்டாதே, அவன் மேல் உனக்கு என்னைவிடக் கோபம் என்று தெரியும். மஞ்சள்தானேடா மெங் என்று நான் கேட்டேன், அவன் துளைக்குக் குனிவதற்கு முன்பே ஆமாங்க முதலாளி, மஞ்சளேதான் என்று சொல்லிவிட்டான். நம் பட்டறைகளில் கேள்வியே இப்படித்தானே, பதிலையும் கையில் கொடுத்துவிட்டுத்தான் கேட்போம், எதிரே இருப்பவன் முதலாளியின் முகத்தைப் பார்த்து நிறம் சொல்வான், நானும் என் முதலாளியிடம் அப்படிச் சொன்னவன்தான். ஒருத்தி மட்டும் சொல்லவில்லை. எங்களுக்கெல்லாம் பார்லித் தண்ணீர் கொண்டுவந்த உன் அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டுத் துளையில் கண்ணை வைத்துப் பார்த்தாள். ஏங்க, நீலமாத்தானேங்க இருக்கு, எவ்வளவு அழகா இருக்கு என்றாள். உனக்கு என்னடி தெரியும், போய்ச் சோத்து உலையைப் பாரு என்றேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு நாலு வருஷம் என்னோடு வாழ்ந்தாள், ஒரு தடவை கூட அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் கூட எடுக்கவில்லை. அவள் சொன்னது சரி என்று அவளிடம் சொல்ல எனக்கு இனி வழியில்லை, அது எனக்கு ஆறவே ஆறாது.

அன்றைக்கே பர்னரை வெட்டிப் பழைய இரும்புக்குப் போடச் சொன்னேன், போட்டாச்சு என்று மெங் சொன்னான், நானும் நம்பினேன். இப்போது வாசலில் உட்கார்ந்திருந்தவன் எழுந்து நேராகப் பட்டறைக்குப் போய், அதே மாதிரி இன்னொன்று செய்யணும், பாப்பா வரைஞ்சது எதாச்சும் மிச்சம் இருக்காடா என்று கேட்டேன். அவன் என்னைக் கிடங்கின் பின்பக்கம் கூட்டிப்போனான். கோணிப்பையில் சுற்றி, எண்ணெய் பூசி, துரு இல்லாமல் உன் பர்னரே இருந்தது, அதோடு உன் நோட்டும். அண்ணிதான், முதலாளி என்று உன் அம்மாவைச் சொன்னான், வெட்டினா உன் கையை வெட்டுவேன்னாங்க, வருஷத்துக்கு ரெண்டு தரம் தையல் மெஷின் எண்ணெயை எடுத்துக்கிட்டு வந்து அவங்களே துடைச்சு வச்சாங்க, ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தின வாரமும் வந்தாங்க என்றான். அதை அவன் சொல்லும்போது நான் கோணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சோதனை பாய்லரில் மாட்டினோம். காற்றுத் தகட்டை உன் நோட்டில் போட்டிருந்த கோட்டில் வைத்தேன், ஒரு மயிரிழை கூட நகர்த்தவில்லை. பற்றவைத்துவிட்டு வலது கண்ணை வைத்தேன். வளையம் முழுக்க நீலம், ஓட்டைக்கு ஓட்டை குட்டிக் குட்டியாக, நீ சொன்ன மாதிரியே சுற்றி உட்கார்ந்து எரிந்தது. இடது கண்ணை வைத்தேன், அதே பழைய மஞ்சள். எத்தனை தரம் மாற்றி மாற்றிப் பார்த்திருப்பேன் என்று தெரியாது. மெங்கைக் கூப்பிட்டு என்ன நிறம் என்று கேட்டேன், அவன் என் முகத்தைப் பார்த்தான், என் முகத்தைப் பாக்காதேடா, துளையைப் பாரு என்று சத்தம் போட்டேன். அவன் குனிந்து பார்த்தான், நிமிரவே இல்லை, நீலம் முதலாளி, அன்னிக்கும் நீலம்தான், என்னை மன்னிச்சுடுங்க என்று குனிந்தபடியே அழுதான். ஐம்பத்தெட்டு வயது ஆள். நான் அவனை மன்னிக்க என்ன இருக்கிறது, நான் அவனுக்கு ஒரு பதிலைத்தானே விட்டுவைத்திருந்தேன். இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருஷமாக எந்தக் கடைக்குப் போனாலும் மஞ்சளாகத் தெரிகிறது என்று காற்றைத் திறந்துவிட்டு வந்திருக்கிறேன், எல்லாருடைய கேஸும் என் கண்ணால் புகைபோக்கி வழியாகப் போயிருக்கிறது. ஒவ்வொரு கடையாகப் போய்த் திருப்பி வைத்துக்கொண்டிருக்கிறேன், பாதி முடிந்தது.

உன் பர்னரை டோஃபு கடை மல்சூன் அம்மாவிடம் கொண்டுபோனேன், அன்றைக்கு வந்திருந்த மூன்று பேரில் அவர்தான் இன்னும் கடையைத் திறந்துவைத்திருக்கிறார். நடந்ததையெல்லாம் அவர் முன்னால் தலைகுனிந்து சொல்லிவிட்டுத்தான் மாட்டினேன். சோயாப் பால் வழக்கத்தைவிட முன்னதாகவே பொங்கிவிட்டது, அடுப்படிப் பெண்கள் அச்சுத் துணியை விரிக்கக்கூட இல்லை, ஓடினார்கள். முன்பெல்லாம் அந்தப் புகைபோக்கிப் பக்கம் கையைக் கொண்டுபோக முடியாது, இப்போது பக்கத்தில் கையை வைத்துக்கொண்டு பத்து எண்ணலாம், எண்ணிப் பார்த்தேன். உன் கருவியையும் வைத்துப் பார்த்தேன், நீ விட்டுவிட்டுப் போன அதே கருவி, உன் நோட்டில் இருந்த எண்கள்தான் அப்படியே வந்தன. நல்லாத்தான் இருக்கு என்றார் மல்சூன் அம்மா, பிறகு கை துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, அப்ப அந்தப் பொண்ணு பொய் சொல்லல, அன்னிக்கு அவ முகம் போன போக்கு என் கண்ணுக்குள்ளயே நிக்குது, நான் சும்மா நின்னுக்கிட்டிருந்தேன், இதை என்கிட்ட வந்து சொல்லி என்னய்யா ஆகப்போகுது என்றார். ஒரு டோஃபு கட்டியைப் பையில் போட்டுக் கொடுத்தார், வாங்கிக்கொண்டு வந்தேன், சாப்பிட முடியவில்லை.

அம்மாவின் பெட்டியில் நீ அவளுக்கு எழுதியதைப் படித்தேன், படித்திருக்கக் கூடாது. இனிமேல் நெருப்புக்கு முன்னால் நிற்க மாட்டேன், பழத்தோடு இருக்கிறேன், பழம் யாரையும் பொய்க்காரி என்று சொல்லாது என்று எழுதியிருந்தாய். அப்படி ஒரு கையை, அப்படி ஒரு மூளையை நான் பழப்பெட்டிக்கு அனுப்பிவிட்டேன். பழம் அடுக்குவது கேவலம் என்று சொல்லவில்லை, தப்பாக எடுத்துக்கொள்ளாதே. வா என்று எழுதச் சொல்லி மெங் நச்சரிக்கிறான். எனக்கும் எழுத ஆசைதான், எத்தனை ஆசை என்று உனக்குத் தெரியாது, ஆனால் அப்பா சொன்னார் என்பதற்காக நீ ஒரு காரியம் செய்வது எனக்கு இனி வேண்டாம். பர்னரின் தகட்டில் செய்தவர் பெயர் பொறிக்கும் இடத்தில் உன் பெயரை வெட்டியிருக்கிறேன், என் பெயர் எங்கேயும் இல்லை. வேண்டாம் என்றால் ஒரு வரி எழுது, அரத்தால் ராவிவிடுகிறேன்.

தனியாக ஒரு பொட்டலம் அனுப்பியிருக்கிறேன், மிளகாய்ப் பொடி, காய்ந்த நெத்திலி, கடற்பாசித் தாள். அம்மா கட்டுவது போலக் கட்ட வரவில்லை, பொடி சிந்தியிருந்தால் தும்மிக்கொண்டே திட்டு. அங்கே வெயில் கண்ணைக் கெடுக்குமாம், தொப்பி போட்டுக்கொள், வருஷத்துக்கு ஒரு தரம் கண்ணைக் காட்டு, இது மட்டும் அப்பா பேச்சாக இல்லாமல் அம்மா பேச்சாக வைத்துக்கொண்டு கேள். நீ எங்கே இருந்தாலும் உன் சொல்லுக்கு மரியாதை இருக்கிற இடத்தில் இரு, நோய்நொடி இல்லாமல் இரு, நன்றாகத் தூங்கு.

வருகிற வெள்ளிக்கிழமை இடது கண்ணுக்கு அறுவை. அதற்குப் பிறகு அந்த மஞ்சள் எனக்கே தெரியாது. நான் உண்மையிலேயே அப்படித்தான் பார்த்தேன், உன்னைத் தோற்கடிக்கக் காற்றைத் திறக்கவில்லை என்று காட்ட என்னிடம் கருவியும் இல்லை, நோட்டுப் புத்தகமும் இல்லை, என் வார்த்தை ஒன்றுதான் இருக்கிறது. கருவியைக் கையில் வைத்துக்கொண்டு நீ சொன்னதையே நான் நம்பவில்லை தாசோல். இருந்தும் என்னை நம்பு என்று கேட்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
தாக் யோங்-சிக்