கனகாவின் பேர்

செவ்வாய். சாயங்காலத்திலிருந்து தூறல்.

தோட்டத்தில் காலைப் பெரட்டில் வேலையாட்களைப் பேர் கூப்பிடுவதுபோல, ஓட்டப் பயிற்சிக்கு முன் நானும் என் அணிப் பெண்களின் பேரைக் கூப்பிடுவேன். கனகாவின் பேரையும் சேர்த்துத்தான். போன மழைக்காலத்தில் கோலா தெர்லா ரோட்டில் லோரி மோதிச் செத்துப்போனவள். பேரை எடுத்துவிடச் சொன்னார்கள். படிக்காத கோச்சுக்குப் பிடிவாதம் என்றும் பேசினார்கள். பேசட்டும்.

இன்று அவள் பேரைக் கூப்பிட்டதும், "இருக்கேன் மாஸ்டர்" என்று குரல் வந்தது. வரிசையை ஒருமுறை பார்த்தேன்.

"யாருடி விளையாடுறது?"

கேப்டன் தேவி முன்னால் வந்தாள். "நான்தான் மாஸ்டர். அவ பேரைச் சொல்லிட்டு அப்படியே நின்னுடுறீங்க. நாங்க குளிர்ல விறைச்சுப் போறோம் லா. உடம்பு ஆறக்கூடாதுன்னு நீங்கதானே கத்துவீங்க?"

அப்படி நிற்பது எனக்கே தெரியாது. இத்தனை நாளும் ஒருத்தியும் முணுமுணுக்காமல் நனைந்திருக்கிறார்கள்.

அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. தேவியின் குரல் மாதிரியே இல்லை.

பேரை எடுக்க மாட்டேன். நாளையிலிருந்து, எல்லோரும் ஓடி முடித்த பிறகு கடைசியாகக் கூப்பிடுவேன். பிள்ளைகள் வீட்டுக்குப் போகட்டும். நான் நின்றுகொள்கிறேன்.