தறிக்குடோன் தாழ்ப்பாள்

ஆகஸ்ட் 4

பாப்பு, இன்றைக்கும் உனக்கும் சேர்த்து அரிசி போட்டுவிட்டேன். வடித்த பிறகுதான் தெரிந்தது. அழுகை வரவில்லை. ராத்திரிக்கும் அதையே உங்கப்பாவுக்குப் போட்டேன்.

ஆகஸ்ட் 7

ஆஸ்பத்திரியில் ரிப்போர்ட் கொடுத்தார்கள். மேலே கீதா என்று உன் பேர். கீழே எல்லாம் இங்கிலீஷ்.

"மூத்திரத்துல இருந்த கிருமி கிட்னிக்கு ஏறி ரத்தத்துல கலந்துருச்சுங்கம்மா. எந்த மருந்துக்கும் அடங்கலை" என்றார் டாக்டரம்மா.

எங்கிருந்து வந்த கிருமி என்று கேட்டேன்.

"எல்லார் கொடல்லயும் இருக்கறதுதாங்க. தண்ணி குடிக்காம, மூத்திரத்தை அடக்கிட்டே இருந்தா அதுக்கு எடம் குடுத்த மாதிரி."

அப்படியென்றால் என் வயிற்றிலும் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆகஸ்ட் 8

சூலூர் தறிக்குடோனில் உன்னோடு வேலை பார்த்த ஷைமா வந்தாள்.

"கக்கூஸுக்குத் தாப்பா இல்லீங்கம்மா. ஆம்பளைகளும் அதே கக்கூஸுக்குத்தான் வருவாங்க. வேலைக்கு வந்தா நாங்க யாருமே தண்ணி குடிக்க மாட்டோம்."

நீ என்னிடம் சொல்லவே இல்லை. காய்ச்சல் வந்தால் மெடிக்கலில் மாத்திரை வாங்குவாய், கொஞ்சம் விட்டதும் நிறுத்திவிட்டுத் தறிக்குப் போவாய். அதுதான் எனக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 11

தூங்கினேன்.

ஆகஸ்ட் 15

குடோன் ஓனர் தம்பிதுரை துக்கம் கேட்க வந்தார்.

"ஏனுங்க, ஒரு தாப்பா போட மனசு வரலீங்களா?" என்றேன்.

"கேட்டிருந்தா அன்னைக்கே போட்டிருப்பனுங்க. ஒரு புள்ளையும் வாயத் தொறக்கலையே. இப்பப் போட்டாச்சுங்க."

இப்பப் போட்டு? யாருக்கு? உங்கப்பா அவரை வாசல் வரை போய் வழியனுப்பினார் வேறு.

ஆகஸ்ட் 16

பக்கத்து வீட்டு ராசாத்தாள் சொன்னாள்: "தீட்டுக் கழியட்டுங்க்கா, ஆனைமலைக்குப் போலாம். மாசாணியம்மன் கோயில் நீதிக்கல்லுல மொளகா அரைச்சுப் பூசிப்போட்டு வந்தா, செஞ்சவன் தப்ப மாட்டான்."

சரி என்றேன். அந்த ஆள் பேரைச் சொல்லித்தான் பூசுவேன்.

செப்டம்பர் 9

யாருமே கேட்கவில்லை என்று ஓனர் சொன்னது நிஜமா என்று ஷைமாவுக்குப் போன் போட்டேன்.

"எங்களுக்குக் கேக்க வெக்கமுங்கம்மா. கீதாக்கா மட்டும் ஒருநா ஓனர் ரூமுக்குப் போனாங்க. எதுக்குன்னு சொல்லலீங்க."

செப்டம்பர் 14

ஆனைமலை போய் வந்தோம். மிளகாயை நானே அரைத்தேன். கையெல்லாம் எரிந்திருக்க வேண்டும். ஒன்றும் தெரியவில்லை.

விழுதோடு நீதிக்கல் முன்னால் நின்றேன். "பேரைச் சொல்லிப் பூசுங்க்கா, பொறகால ஆளுக நிக்கறாங்க" என்றாள் ராசாத்தாள். பேர் தொண்டை வரைக்கும் வந்தது. நீ கேட்கவே இல்லையென்றால் அவர் பேரைச் சொல்லிப் பூசலாமா? நீ கேட்டும் அவர் போடாமல் இருந்திருந்தால் பூசாமல் விடலாமா?

குழாயில் கையைக் கழுவிவிட்டு வந்துவிட்டேன்.

அவர் ரூமுக்குப் போனாயே கண்ணு, தாழ்ப்பாள் போடச் சொல்லிக் கேட்டாயா?