ஒன்பதாவது பாட்டின் அர்த்தம்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நலம் என்று தொடங்கத்தான் ஆசை. என் போனை உன் அத்தான் தினமும் வாங்கிப் பார்ப்பதால், நான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையில் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். எங்கள் கேஷியரம்மா தபாலில் சேர்த்துவிடுவார்.

உங்கள் ஆல்பத்தின் முதல் பாட்டு தெருவெல்லாம் கேட்கிறது. ஒன்பதாவதை யாரும் சீண்டவில்லை என்று நிம்மதியாக இருந்தேன். அந்த 'இரண்டாவது பிரேக்' அரசாங்கத்தைத் திட்டும் பாட்டாம், ஒரு பத்திரிகையில் போட்டிருந்தார்கள். அப்படி எழுதிய மகராசன் நன்றாக இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அத்தானிடம் கார் ஓட்டப் பழகும் பல் டாக்டர் போன வாரம் அந்தப் பாட்டை வண்டியில் போட்டிருக்கிறார். பாட்டில் ஓட்டுவது ஒருத்தி, பக்கத்து சீட்டிலிருந்து பிரேக் மிதிப்பது ஒருத்தன். டிரைவிங் ஸ்கூல் காரை விட்டால் வேறு எதில் இரண்டாவது பிரேக் இருக்கிறது? சிரித்தால் பிரேக், வாசலுக்குப் போனால் பிரேக் என்று உன்னிடம் நான் அழுததை வரிக்கு வரி பாட்டாக்கியிருக்கிறாயே, உனக்கு மூளை இருக்கிறதா?

இப்போது தினமும் சாப்பாட்டு மேசையில் அந்தப் பாட்டுதான். ஒவ்வொரு வரியாக நிறுத்தி, "இதுக்கு என்ன அர்த்தம்? படிச்சவதானே, சொல்லேன்" என்கிறார். சிரித்துக்கொண்டேதான் கேட்கிறார். தெரியாது என்று சொன்னேன். முழங்கையை இன்னும் மடக்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை உன் கச்சேரிக்குத் தனக்கு மட்டும் டிக்கெட் வாங்கிவிட்டார், "எழுதினவன்கிட்டயே கேட்டுடறேன்" என்கிறார்.

அவர் கேட்டால், உங்களை ஏமாற்றிய ஆல்பம் கம்பெனிக்காரனைப் பற்றிய பாட்டு என்று சொல்லிவிடு, அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன். பொய்யைப் பொருத்தமாகச் சொல்ல வேண்டுமே என்று கேஷியரம்மாவின் போனையும் ஹெட்போனையும் வாங்கி முழுப் பாட்டையும் இப்போதுதான் கேட்டேன். ஆல்பம் வந்த அன்று பயந்து பாதியில் நிறுத்தியவள் நான். அத்தானும் கடைசிவரை ஓட விட்டதில்லை.

முடிவில் உன் குரல் நிற்கிறது. கிதாரும் நிற்கிறது. டிரம்ஸ் மட்டும் வேகமெடுத்துப் போய்க்கொண்டே இருக்கிறது, யாருமே பிரேக் மிதிக்கவில்லை. அதை நான் உன்னிடம் சொல்லவே இல்லையே தம்பி. அது நீ எனக்குச் சொன்னது. புரிந்துகொள்ள எனக்கு இத்தனை நாளாயிற்று. கடை என்றும் பாராமல் அழுதுவிட்டேன்.

அதனால் பொய் வேண்டாம். வெள்ளிக்கிழமை மாலை நான் கிளம்புகிறேன். கேஷியரம்மா தன் அக்கா வீட்டில் சொல்லி வைத்திருக்கிறார். எந்த ஊர் என்று உனக்கு எழுதமாட்டேன். அத்தான் கேட்டால், தெரியாது என்று நீ உண்மையையே சொல்லலாம்.

எனக்காக ஒன்றே ஒன்று செய். அந்தப் பாட்டைக் கேட்காமல் அவர் இடத்தைவிட்டு அசையமாட்டார். அதைக் கடைசிப் பாட்டாக வை. நடுநடுவே நிறையப் பேசு, ஜனங்கள் கேட்டால் இன்னொரு பாட்டும் பாடு. எவ்வளவு நேரம் இழுக்க முடியுமோ அவ்வளவு நேரம் இழு.

தொண்டையைப் பார்த்துக்கொள். நீ நீண்ட நாள் பாடவேண்டும்.

உன் அக்கா