சொம்போலோ மீதான என் புகாரைத் திரும்பப் பெறுதல்

அனுப்புநர்
எஸ்தெல் அபேனா,
செவிலியர், காட்டோரச் சுகாதார நிலையம்,
மெபாங், தென்கிழக்குக் கேமரூன்.

பெறுநர்
துணை ஆட்சியர் அவர்கள்,
மெபாங் வட்டம்.

பொருள்: பாக்கா வேட்டைக்காரர் சொம்போலோவை விடுவிக்க வேண்டுவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சொம்போலோ தன் மனைவி நியாலியைக் கொன்றுவிட்டுக் காட்டுக்குள் ஓடிவிட்டதாகச் சென்ற மாதம் புகார் கொடுத்தவள் நான். அந்தப் புகார் தவறு. அதன்பேரில்தான் அவர் இன்று தங்கள் காவல் அறையில் இருக்கிறார்.

2. நான் கடற்கரை நகரத்துக்காரி. பல ஆண்டுகளாக, இந்தக் காட்டில் இடம் மாறி மாறி வாழும் பாக்கா மக்களுக்கு ஊசி போடுகிறேன். அவர்கள் பேச்சு எனக்குப் பாதிதான் புரியும். நியாலிக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு, மருந்துடன் அவர்கள் தங்கியிருந்த இடத்துக்குப் போனேன். ஒருவரும் இல்லை. அடுப்புகள் ஆறிக் கிடந்தன. ஓர் இலைக்குடிசை மட்டும் தரையோடு சாய்க்கப்பட்டிருந்தது. இலைகளை விலக்கியபோது நியாலியின் கை தெரிந்தது. கணவர்தான் கொன்றிருக்கிறார், பிணத்தை மறைத்துவிட்டுக் கூட்டத்தோடு தப்பிவிட்டார் என்று எழுதிக் கொடுத்தேன். உடலில் காயம் எதுவும் இல்லை. அதைக் கண்டும் நான் எழுதவில்லை.

3. சில நாள் கழித்துச் சொம்போலோ தானாகவே என் வாசலுக்கு வந்தார். கையில் இலைப் பொட்டலத்தில் தேன். "அக்கா, உன் பங்கு. எல்லாருக்கும் குடுத்தாச்சு, நீதான் பாக்கி" என்றார். நான் உள்ளே போய்க் காவலர்களுக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவர்கள் வரும்வரை அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். ஐயா, அந்தத் தண்ணீரைப் பற்றி யாரும் என்னிடம் விசாரிக்கவில்லை. நானாகவே சொல்கிறேன்.

4. அவர் கைதானபின் நியாலியின் தாய் யெயே பெண்களைக் கூட்டிவந்து என் வாசலில் என்னைப் போல நடித்துக் காட்டினார். என் நடை, நான் மூக்கைச் சுளிப்பது, குனிந்து இலையை விலக்குவது எல்லாம். பெண்கள் சிரித்தார்கள். நான் கதவைச் சாத்திக்கொண்டேன். யெயே வெளியிலிருந்து கத்தினார்:

"அடியே ஊசிக்காரி! செத்த எடத்துல யாராச்சும் சோறு திம்பாங்களா? அவ வீட்ட அவ மேலயே சாய்ச்சுட்டுக் கெளம்பினோம். சாய்ச்சது நான், பெத்தவ! காய்ச்சல் கொண்டுபோச்சுடி அவள. இத எங்கிட்ட ஒரு வார்த்த கேக்க உனக்கு வாய் இல்லியா?"

தவறு செய்தவரை அவர்கள் அடிப்பதில்லை; அவரைப் போல நடித்துக் காட்டுகிறார்கள். இத்தனை ஆண்டு அவர்களோடு இருந்தும் இதையும் அன்றுதான் அறிந்தேன்.

5. விசாரணையில் சொம்போலோ வாய் திறக்காததைக் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகக் கொண்டிருக்கிறார்கள். பிரெஞ்சில் கேட்ட கேள்விகள் அவருக்குப் புரியவில்லை. நேற்று அவரைப் பார்க்கப் போனேன். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுக்குமுன், தமக்குக் கொடுத்த மரவள்ளிக்கிழங்கைப் பிட்டுக் கம்பி வழியே நீட்டினார். "மெலிஞ்சுட்டியே அக்கா, சாப்பிடு" என்றார். வாங்கிக்கொண்டேன்.

ஆகவே, அவரை உடனே விடுவிக்கவும், உண்மையை மறைத்துப் புகார் கொடுத்ததற்காக என்மீது நடவடிக்கை எடுக்கவும் பணிவுடன் வேண்டுகிறேன். அவருடைய கூட்டத்தார் காட்டுக்குள் திரும்பாமல் தங்கள் அலுவலகத்துக்கு எதிரே மழையில் உட்கார்ந்திருக்கிறார்கள். தாங்கள் சன்னலைத் திறந்தால் தெரியும்.

இடம்: மெபாங்
நாள்: 12 செப்டம்பர்

இப்படிக்கு,
எஸ்தெல் அபேனா
(ஒப்பம்)